மணியன் வெளிக்குப் போன கதை

எங்க கிளாஸ்ல எனக்கு ஒரு லவ்வு இருக்குன்னு வதந்தி ஓடிட்டு இருக்கு. நாலு மணி பெல் அடிச்சதும் கிரவுண்டுக்கும் வராம, டீக்கடைக்கும் வராம வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுறானே, யாருடே அந்தப் பிள்ளைன்னு கேக்காத ஆள் இல்ல. போன வாரம் ஒருத்தன் என் பின்னாடியே பஸ் ஏறி இறச்சகுளம் வரைக்கும் வந்துட்டான். அவனுக்கு ஒரு கட்டன்சாயா குடுத்து, ஆளைக் காட்டினேன். வயசு 13. நிறம் மஞ்சள். பேரு மணியன். பத்தாயத்துக்கு அடியில படுத்துக்கிட்டு எங்க ரெண்டு பேரையும் ஒரு பார்வை பாத்துட்டு திரும்பிப் படுத்துக்கிச்சு.

உண்மையைச் சொல்லிடுறேன் மக்களே. எங்க வீட்டுப் பூனைக்கு மலச்சிக்கல். ஏழு மாசமா அதைப் பாக்கிறதுதான் என் சாயங்கால வேலை. சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சிட்டு வாங்க, நான் இருக்கேன்.

மணியன் எங்க பாட்டாவோட பூனை. நான் ரெண்டாம் கிளாஸ் படிக்கும்போது வயல் வரப்புல கிடந்த குட்டியை துண்டுல பொதிஞ்சு கொண்டு வந்தாங்க. பாட்டா போய் மூணு வருஷம் ஆச்சு. இப்ப வீட்ல ஆச்சியும் நானும் மணியனும்தான். பூனைக்கு 13 வயசுன்னா மனுசக் கணக்குல ஏறக்குறைய 68 வருமாம். பத்து தாண்டினாலே முதியோர் பட்டியல்தான். ஆச்சிக்கு 74. அப்ப எங்க வீட்டோட சராசரி வயசு என்னன்னு நீங்களே போட்டுப் பாருங்க.

பிரச்சனை ஆரம்பிச்சது மீன்ல. எங்க மாவட்டத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. கிழக்குக் கடலும் எங்களுக்குத்தான், மேற்குக் கடலும் எங்களுக்குத்தான். விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் கிழக்குப் பக்கம் ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரை. மேற்குப் பக்கம் ஜூன் 1லேர்ந்து ஜூலை 31 வரை. அதாவது சின்னமுட்டத்துல முடியுறதுக்கு முன்னாடியே குளச்சல்ல ஆரம்பிச்சிரும். வள்ளமும் கட்டுமரமும் போகலாம், ஆனா ஆனி ஆடியில கடல் கிடக்கிற கிடைக்கு அவங்களும் எல்லா நாளும் போக முடியாது. எங்க தெருவுக்கு மீன் கொண்டு வர்ற அக்கா ஜூன் பாதியிலே வரத்தை நிறுத்திட்டாங்க. வந்த அன்னைக்கும் சாளை விலை கேட்டு ஆச்சி நெஞ்சுல கைய வச்சுக்கிட்டா.

அதுவரைக்கும் மணியனுக்கு மூணு வேளையும் அவிச்ச சாளைதான், அந்தத் தண்ணியோட சேத்து. மீன் இல்லாமப் போனதும் நான் ஒரு பெரிய மனுசத்தனம் பண்ணேன். நாகர்கோவில்ல போய் பூனைத் தீனி பாக்கெட் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். காஞ்ச உருண்டை. மணியன் முதல் நாள் முகத்தைத் திருப்பினான், மூணாம் நாள் வழிக்கு வந்தான். 'நாகரிகம் பழகிட்டான் பாத்துக்கோ'ன்னு ஆச்சிக்கிட்ட பெருமையா சொன்னேன்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், இது எனக்குப் பிறகுதான் தெரிஞ்சுது. வீட்டுப் பூனையோட பூர்வீகம் ஃபெலிஸ் லிபிகாங்கிற காட்டுப் பூனை. பூனைகளோட மரபணுவை ஒப்பிட்டு 2007ல ஆராய்ச்சியாளர்கள் இதை உறுதி பண்ணினாங்க. அது மேற்காசியாவுலயும் ஆப்பிரிக்காவுலயும் வறண்ட பூமியில வாழ்ந்த ஜாதி. குடிக்கத் தண்ணி தேடிப் போறதை விட, பிடிக்கிற எலியிலேர்ந்தே தண்ணியை எடுத்துக்கிற உடம்பு. எலி உடம்புல சுமார் எழுபது சதவீதம் தண்ணி. பச்சை மீனும் அந்தக் கணக்குதான். காஞ்ச தீனியில பத்து சதவீதம் இருந்தா பெருசு. தீனி காஞ்சதா மாறிடுச்சேன்னு பூனை நம்மள மாதிரி அதுக்கு ஈடா செம்பு செம்பாத் தண்ணி குடிக்காது. தாகமே அவ்வளவா எடுக்காது. ஆக, நான் மணியனுக்கு நாகரிகம் பழக்கல, தண்ணியை நிறுத்தியிருக்கேன்.

ஜூலை ரெண்டாவது வாரம். மணியன் புறவாசல் மணல் குவியல்ல போய் உக்காருவான், முக்குவான், எழும்புவான், வேற இடத்துல தோண்டுவான், மறுபடியும் உக்காருவான். ஆட்டுப் புழுக்கை மாதிரி ஒண்ணு ரெண்டு வரும். அப்புறம் அதுவும் இல்ல. நாலாம் நாள் கொஞ்சம் தண்ணி தண்ணியாப் போச்சு. ஆச்சிக்கு ஒரே சந்தோஷம். "வயிறு எளகிட்டு மக்கா, இனி செரியாயிரும்." நானும் நம்பினேன். அதான் தப்பு. உள்ள கல்லு மாதிரி அடைச்சு நிக்கும்போது, குடல் சுவத்துல ஊறுற நீர் மட்டும் அந்தக் கல்லோட ஓரமா வழிஞ்சு வரும். பாக்கிறவங்களுக்கு வயித்துப்போக்கு மாதிரி இருக்கும். அன்னைக்கு ராத்திரி மணியன் வாந்தி எடுத்தான். மறுநாள் சாப்பாட்டுப் பக்கமே வரல.

ஆச்சி வைத்தியம் எல்லாருக்கும் ஒண்ணுதான். மகனுக்கும் பேரனுக்கும் கண்ணுக்குட்டிக்கும் விளக்கெண்ணெய். ஒரு கரண்டி எடுத்து, நான் பிடிச்சுக்க அவ ஊத்த, பாதி என் சட்டையிலயும் மீதி மணியன் மூக்குலயும். பத்து நிமிஷத்துல அதையும் வாந்தி எடுத்தான்.

அடுத்து என் வைத்தியம். மெடிக்கல் ஷாப்புக்குப் போய் எனிமா பாக்கெட் கேட்டேன். "யாருக்கு?"ன்னு கேட்டார் கடைக்காரர். பூனைக்குன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. "வீட்ல ஒரு வயசானவருக்கு"ன்னு சொன்னேன். பொய்யில்லையே! வாங்கிட்டு வெளிய வந்தப்ப, கால்நடை டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேப்போம்னு ஏதோ நல்ல புத்தி தோணி, பக்கத்து வீட்டு மாமா மாட்டுக்குக் கூப்பிடுற டாக்டர் நம்பருக்குப் போன் அடிச்சேன். டப்பா மேல என்ன எழுதியிருக்குன்னு படிக்கச் சொன்னார். சோடியம் பாஸ்பேட்னு படிச்சேன். "தம்பி, அதைத் தொடாதே. உடனே பூனையைக் கொண்டு வா"ன்னார்.

மனுசங்களுக்கு விக்கிற பாஸ்பேட் எனிமா பூனைக்கு விஷம். பூனையோட குடல் அந்த பாஸ்பேட்டை உறிஞ்சிரும். ரத்தத்துல பாஸ்பேட் ஏறி, கால்சியம் இறங்கி, வலிப்பு வந்து செத்துப் போகும். இந்தக் கட்டுரையில ஒரே ஒரு பாரா படிப்பீங்கன்னா இதைப் படிங்க. உங்க வீட்ல பூனை இல்லாட்டியும் உங்க ஃப்ரெண்டு வீட்ல இருக்கும்.

கோழிக்கூடையில மணியனை வச்சு மேல பாட்டாவோட பழைய வேட்டியைக் கட்டி, பஸ்ல கொண்டு போனேன். கண்டக்டர் கூடைக்கு டிக்கெட் போடல, புண்ணியவான். டாக்டர் கேட்ட முதல் கேள்வி மலத்தைப் பத்தி இல்ல. "மூத்திரம் போறானா?" நான் முழிச்சேன். கடுவன் பூனைக்கு மூத்திரக் குழாய் ரொம்ப ஒடுக்கம். அது அடைச்சுக்கிட்டாலும் பூனை இதே மாதிரிதான் உக்காந்து முக்கும். பாக்கிறவங்க மலச்சிக்கல்னு நினைச்சு வீட்ல வைத்தியம் பாத்துட்டு இருப்பாங்க, ஒண்ணு ரெண்டு நாள்ல பூனை போய்ச் சேந்துரும். டாக்டர் வயித்தை அமுக்கிப் பாத்துட்டு மூத்திரப்பை சாதாரணமாத்தான் இருக்குன்னார். அதுக்கு மேல கையை நகத்தினப்ப அவர் முகம் மாறிச்சு. என் கையைப் பிடிச்சு வச்சுக் காட்டினார். மணியன் வயித்துக்குள்ள ஒரு வாழைக்காய் இருந்த மாதிரி இருந்துச்சு.

பெருங்குடலோட வேலையே மலத்துலேர்ந்து தண்ணியை உறிஞ்சுறதுதானாம். மலம் உள்ள தங்கத் தங்க தண்ணியை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். காயும். காஞ்சா வெளிய தள்ள கஷ்டம். தள்ளலைன்னா இன்னும் தங்கும், இன்னும் காயும். எங்க பாஷையில கூட்டு வட்டி. வட்டி ஏறிக்கிட்டே போனா குடல் விரிஞ்சு, சுருங்குற சக்தியே போயிரும். அப்புறம் அது குடல் இல்ல, வெறும் பை. ரெண்டு நாளா பூனை வெளிக்குப் போகலைன்னாலே டாக்டர்கிட்ட பேசிரணுமாம். நாங்க ஆறு நாள் விட்டிருந்தோம்.

முதல்ல தோள்பட்டைத் தோலுக்கு அடியில சலைன் ஏத்தினாங்க. ஒட்டகத் திமில் மாதிரி வீங்கி, சாயங்காலத்துக்குள்ள உடம்பு இழுத்துக்கிட்டு காணாமப் போச்சு. ரெண்டாம் நாள் மயக்கம் குடுத்து, வெதுவெதுப்பான தண்ணியும் வழுக்கும் களிம்புமா உள்ள விட்டு, டாக்டர் விரலால பொறுமையா உடைச்சு உடைச்சு எடுத்தார். நான் தலைப்பக்கம் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நாத்தத்தை விவரிக்க மாட்டேன், சாப்பிட்டுக்கிட்டு படிக்கிறவங்க இருப்பீங்க. எனக்கு இதுவரை தெரிஞ்ச எந்த உத்தியோகத்தையும் விட அந்த அரை மணி நேரத்துல அந்த மனுசன் மேல மரியாதை வந்துச்சு.

செலவு? ப்ளஸ் டூ பையன்களுக்கு கணக்குப்பதிவியல் டியூஷன் எடுத்துச் சேத்த 4,200 ரூபாயில முக்காவாசி காலி. பக்கத்து வீட்டு மாமா கேட்டார், "ஒரு பூனைக்கு இவ்வளவாடே? தெருவுல சும்மா கிடைக்குமே." அடக்கவிலைக் கணக்கியல்ல மூழ்கிய அடக்கம்னு ஒரு பாடம் உண்டு. போன காசை நினைச்சு மேல காசு போடக்கூடாதுங்கிற பாடம். பரீட்சையில அதுக்கு எனக்கு நல்ல மார்க்குதான்.

இப்ப நான் சொல்ல வேண்டாம்னு நினைச்சு வச்சிருந்த இடத்துக்கு வந்துட்டேன்.

மயக்கத்துல இருக்கும்போதே எக்ஸ்ரே எடுத்தாங்க. டாக்டர் அதை வெளிச்சத்துல பிடிச்சு இடுப்பெலும்பைக் காட்டினார். ஒரு பக்கம் வளைஞ்சு உள்ள வந்திருந்துச்சு. பழைய முறிவு, தானா கூடியிருக்கு, ஆனா கோணலாக் கூடியிருக்கு. அந்த எலும்பு வளையத்துக்குள்ள வழியாத்தான் பெருங்குடல் வெளிய வரணும். வழி ஒடுங்கிப் போச்சு. சின்ன வயசுல சமாளிச்சிருப்பான், வயசாகி, தண்ணியும் குறைஞ்சதும் முடியல. "எப்ப அடிபட்டுச்சு தம்பி?"

"தெரியல சார்"னேன்.

தெரியும். நான் எட்டாம் கிளாஸ். பாட்டா மத்தியானம் தூங்கும்போது ஆணியில மாட்டியிருந்த சாவியை எடுத்து முற்றத்துல மொபெட்டை ஸ்டாண்டுல வச்சே ஸ்டார்ட் பண்ணி ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். ஸ்டாண்டு நழுவி வண்டி துள்ளிருச்சு. நிழல்ல படுத்திருந்தவன் மேல பின் சக்கரம். அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வராது. பின்னங்காலை இழுத்துக்கிட்டே போய் பத்தாயத்துக்கு அடியில நுழைஞ்சவன் ஒன்பது நாள் சரியா வெளிய வரல. மாமரத்துலேர்ந்து விழுந்துட்டான்னு வீட்ல சொன்னேன். ஆச்சி மஞ்சள் பத்துப் போட்டா. பூனைக்கு ஒன்பது உசிருடேன்னு பாட்டா சொன்னாங்க. ஒரு மாசத்துல நடந்தான், நானும் மறந்துட்டேன். மறந்துட்டேன்னு நினைச்சேன்.

அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா கூட பூனை இடுப்பெலும்பு பல தடவை ஆபரேஷன் இல்லாமலே கூடத்தான் செய்யும்னு டாக்டர் பேச்சுவாக்குல சொன்னார். அது எனக்கு ஆறுதலா இல்ல. என்ன நடந்துச்சுன்னு நான் சொல்லியிருந்தா யாராவது ஒருத்தர் கொண்டு போய்க் காட்டியிருக்கலாம், இந்தப் பூனைக்குப் பின்னாடி இது வரும்னு ஏழு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும். காஞ்ச தீனி பாக்கெட்டை நான் வாங்கியிருக்கவே மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அடுக்களையில ஆச்சிக்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவ மத்தங்காய் அவிச்சு மசிச்சுக்கிட்டு இருந்தா. மசிக்கிறதை நிறுத்தல. பாட்டா சாவியை ஆணியில மாட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்னு பாட்டாவை ரெண்டு வார்த்தை திட்டினா. அப்புறம், "செரி. மருந்து இனி நீதான் குடுக்கணும். எனக்குக் கை நடுங்குது மக்கா" அவ்வளவுதான்.

அதான் நாலு மணி பஸ்.

மருந்து லாக்டுலோஸ். மனுசங்களுக்கு மலச்சிக்கலுக்குக் குடுக்கிற அதே பாகு. அது குடல்ல ஜீரணம் ஆகாத ஒரு சர்க்கரை. உறிஞ்சப்படாம நேரா பெருங்குடலுக்குப் போய், தண்ணியைத் தன் பக்கம் இழுத்து வச்சுக்கும், மலம் இளகும். "பாகு மாதிரி இனிப்பா இருக்கு, நக்கிருவான்"னு ஆச்சி சொன்னா. நக்கல. பூனைக்கு இனிப்பே தெரியாதாம். இனிப்பை உணர்ற மரபணுவுல ஒண்ணு பூனை வம்சத்துல வேலை செய்யாமப் போச்சுன்னு 2005ல கண்டுபிடிச்சிருக்காங்க. மணியனைப் பொறுத்தவரை அது ருசியில்லாத பிசின், அவ்வளவுதான். ஊசியில்லாத சிரிஞ்சுல எடுத்து, வாயோட ஓரப் பல்லு இடுக்குல சொட்டு சொட்டா விடணும். நேரா தொண்டையில அடிக்கக் கூடாது. அளவு எடையைப் பாத்து டாக்டர் சொன்னது, அதை இங்க எழுத மாட்டேன், உங்க பூனைக்கு உங்க டாக்டர். வாய் வழியா லிக்விட் பாரஃபின் குடுக்கிற வழக்கம் சில பேருக்கு உண்டு. அதுக்கு ருசியும் கிடையாது, கனமும் கிடையாது, பூனை இருமாமலே நுரையீரலுக்குள்ள இறங்கி நிமோனியா ஆயிரும்னு டாக்டர் எச்சரிச்சார்.

சிசாப்ரைடுன்னு இன்னொரு மருந்து, குடலைச் சுருங்க வைக்கிறது, பூனைகளுக்கு நல்லா கேக்குமாம். மனுசங்களுக்கு இதயத் துடிப்பைக் கெடுத்ததால 2000ல அமெரிக்காவுல சந்தையிலேர்ந்து எடுத்துட்டாங்க, இந்தியாவுல 2011ல மனுச உபயோகத்துக்குத் தடை. வெளிநாட்டுல பூனைக்குன்னே தனியா தயாரிச்சுக் குடுக்கிற மருந்துக்கடைகள் இருக்காம். எங்க ஊர் மெடிக்கல்ல கேட்டா கிடைக்காது. ஆபரேஷன்ல விரிஞ்ச குடலை வெட்டி எடுக்கிறதும் உண்டு. அந்த நிலை வந்தா திருநெல்வேலி ராமையன்பட்டியில 2012ல ஆரம்பிச்ச கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய்ப் பாக்கலாம்னார். குடல் இன்னும் முழுசா கை விடல, இப்ப வேண்டாம்னும் சொன்னார்.

மிச்சமெல்லாம் வீட்டு வேலைதான். காஞ்ச தீனி பாக்கெட் தெரு நாய்களுக்குப் போச்சு. மீனோ கோழியோ உப்பு, உள்ளி எதுவும் சேக்காம அவிச்சு, முள்ளும் எலும்பும் எடுத்து, அந்தத் தண்ணியோட கஞ்சி மாதிரி. மத்தங்காய் ஒரு ஸ்பூன், அதுக்கு மேல இல்ல. நார் கூடிப் போய் தண்ணி பத்தலைன்னா அதுவே அடைச்சுக்கும். தண்ணிக் கிண்ணம் நாலு இடத்துல, அகலமா, சாப்பாட்டுத் தட்டுக்குத் தள்ளி. அப்புறம் மணல். மணியன் முதுகைத் தடவினா பின்பக்கம் வரும்போது ஒரு மாதிரி நெளிவான். 2002ல அமெரிக்காவுல 12 வயசு தாண்டின நூறு பூனைகளோட எக்ஸ்ரேக்களைப் பாத்தப்ப 90 பூனைக்கு மூட்டுத் தேய்மானம் இருந்துச்சாம். தேய்மானம்னா எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை போடுற பதிவு. இவனுக்கு புறவாசல் படி மூணும் ஒவ்வொரு நாளும். அவன் அடக்கி வச்சதுக்கு அந்தப் படியும் ஒரு காரணம்னு புரிஞ்சதும், பழைய எவர்சில்வர் தாம்பாளத்துல ஆத்து மணல் நிரப்பி பத்தாயத்துக்குப் பக்கத்துலயே வச்சோம். வீட்டுக்குள்ளயான்னு ஆச்சி ஒரு நாள் முழுக்க முனகினா. ரெண்டாம் நாள் அவளே மணலைச் சலிச்சுப் போட்டா.

ஒரு நாப்பது பக்க நோட்டு போட்டிருக்கேன். தேதி, தீனி, மருந்து, வரவு. வரவு பத்தியில 'உண்டு', 'இல்லை', 'கட்டி', 'இளக்கம்'. நான் காலேஜ்ல இருக்கும்போது நடந்ததை ஆச்சி பென்சில்ல எழுதி வைப்பா. அவ கையெழுத்து நடுங்கி நடுங்கி இருக்கும், ஆனா ஒரு நாளும் விட்டதில்ல. ஜூலையிலேர்ந்து இதுவரை ரெண்டு நாளுக்கு மேல 'இல்லை' வந்தது டிசம்பர்ல ஒரு தடவைதான். மறுபடியும் கோழிக்கூடை, மறுபடியும் பஸ், எனிமாவோட முடிஞ்சுது.

அடுத்த ஏப்ரல்ல தடைக்காலம் வரும்போது என்ன பண்றதுன்னு இப்பவே யோசிக்கிறோம். கோழிக்கு மெதுவா மாத்திட்டு வரச் சொல்லியிருக்கார் டாக்டர். கோழி குடுத்தா ஆச்சியைப் பாத்து ஒரு கத்து கத்துறான். "சாளை இல்லடே, கடல்ல போய்க் கேளு"ங்கிறா அவ.

மொபெட் இன்னும் இருக்கு, நான்தான் ஓட்டுறேன். தெருமுக்கு வரைக்கும் உருட்டிட்டுப் போய்த்தான் ஸ்டார்ட் பண்றது. நேத்து வரவு: உண்டு, இளக்கம், காலை 6.40, ஆச்சி கையெழுத்து.